ஐந்து நட்டுகள் செய்த குழப்பம்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாறிகளை, அதாவது ஒரு சோதனையில் மாறக்கூடிய அளவுகளை, புரியவைக்க ஊசல் சோதனையைத்தான் எடுத்தேன். 'சாரா மாறி (நாம் மாற்றுவது), சார்ந்த மாறி (அதனால் மாறுகிறதா என்று அளப்பது)' என்று கரும்பலகையில் எழுதும்போதே பாதிப் பேருக்குக் கண் சொருகிவிட்டது. பெயர் கிடக்கட்டும், நூலைக் கட்டுங்கள் என்றேன்.

எடை கூடினால் ஊசல் ஆடும் நேரம் மாறுமா? இதுதான் கேள்வி. 25 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு நட்டைத் தொங்கவிட்டோம். ஒரு முறை போய்த் திரும்பினால் ஓர் அலைவு; 10 அலைவுகளுக்கு 10 விநாடி. ஐந்து நட்டுகளைக் கட்டினோம். ஏறக்குறைய 11 விநாடி! "எடை கூடினால் மெதுவாகும்" என்று ஒரு மாணவி அடிக்கோடிட்டே எழுதிவிட்டாள். எனக்கு வியர்த்தது. எண்ணுவதில்தான் பிசகு என்று மூன்று முறை திரும்ப எண்ணவைத்தேன். வீண் வேலை.

பிறகுதான் குனிந்து பார்த்தேன். நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரம்போலக் கட்டியிருந்தார்கள். ஊசலின் நீளத்தைத் தொங்கும் எடையின் மையம்வரை அளக்க வேண்டும்; அந்த மையமே கீழே இறங்கிவிட்டது. எடையோடு நீளமும் சத்தமில்லாமல் மாறியிருக்கிறது; நீளம் கூடினால் ஊசல் மெதுவாகத்தான் ஆடும். ஐந்தையும் ஒரே கொக்கியில், ஒரே மட்டத்தில் மாட்டினோம். மீண்டும் 10 விநாடி.

இப்போதெல்லாம் சோதனைக்கு முன்பே மூன்று வரி எழுதவைக்கிறேன்: நான் மாற்றுவது, நான் அளப்பது, நான் மாறாமல் வைப்பது. மூன்றாவது வரி குட்டையாக இருந்தால் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அடிக்கோடிட்ட அதே மாணவி அடுத்த முறை அதில் எழுதியது: "நீளம், இழுத்துவிடும் கோணம், எண்ணுகிற ஆள்." கடைசியாகச் சொன்னது எனக்கே தோன்றவில்லை.