ஜெர்மனியில் ரயிலும் ஹோட்டலும்: முதல்முறை போகிறவர்களுக்கு

பெர்லினில் கொலோனுக்கு ரயில் ஏறியவன், இரவு ஒன்பதரை மணிக்கு எஸ்ஸன் நகரத்தில் கண் விழித்தேன். ஏறியது சரியான ரயில்தான், உட்கார்ந்த பெட்டிதான் தப்பு. அந்த வழித்தடத்தில் பல ரயில்கள் ஹம் என்ற ஊரில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்குப் போகும், மறுபாதி டார்ட்மண்ட், எஸ்ஸன் வழியாக டூசல்டார்ஃபுக்குப் போகும். புறப்பட இரண்டு நிமிடம் இருக்கையில் மூச்சிரைக்க ஓடிவந்து, கண்ணில் பட்ட கதவில் ஏறியிருந்தேன். டிக்கெட் பார்க்க வந்த அம்மா அபராதம் எழுதவில்லை. டூசல்டார்ஃபில் இறங்கி எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். அங்கே வேறு டிக்கெட் வாங்கிக் கொலோன் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி தாண்டிவிட்டது. நான் அறை போட்டிருந்த சின்ன விடுதியின் வரவேற்பு மேசையைப் பத்து மணிக்கே பூட்டியிருந்தார்கள்.

ஜெர்மனியில் ரயிலில் நடக்கிற சிக்கல் ரயிலோடு போகாது, ராத்திரி ஹோட்டல் வாசலில் வந்து நிற்கும். அதனால் டிக்கெட்டையும் அறையையும் தனித்தனியாகத் திட்டமிடாதீர்கள். ஜெர்மன் ரயில் என்றால் கடிகாரம் மாதிரி என்ற பழைய நினைப்பையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 2024-இல் ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச்ச பானின் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. ஆறு நிமிடத்துக்குள் தாமதமானால் அதையும் நேரத்துக்கு வந்ததாகத்தான் அவர்கள் கணக்கில் சேர்க்கிறார்கள்.

படி 1: ரயிலின் பெயரைப் படிக்கப் பழகுங்கள்

ரயில் எண்ணுக்கு முன்னால் ஒன்று முதல் மூன்று எழுத்துகள் வரை இருக்கும். ஐசிஇ, ஐசி, இசி என்றால் தொலைதூர ரயில். ஆர்இ, ஆர்பி, எஸ் என்றால் வட்டார ரயில். எந்த டிக்கெட் எதில் செல்லும் என்பதை இந்த எழுத்துகள்தான் தீர்மானிக்கின்றன.

டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று ஒன்று உண்டு. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-இல் 58 ஆனது, 2026 ஜனவரியில் இருந்து 63. ஒரு மாதம் முழுக்க நாடெங்கும் வட்டார ரயில், நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில் எல்லாவற்றிலும் போகலாம். ஐசிஇ-யில் ஏற முடியாது. இதை நம்பி ஐசிஇ-யில் ஏறி மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. இது சந்தா முறை என்பதையும் மறக்க வேண்டாம். அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும்.

படி 2: டிக்கெட் வகையைத் தேர்ந்தெடுப்பது

முதலில் டாய்ச்ச பானின் டிபி நேவிகேட்டர் செயலியைப் போனில் போடுங்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. தொலைதூர ரயிலுக்கு மூன்று விலை காட்டும்.

மிக மலிவானது சூப்பர் ஷ்பார்ப்ரைஸ். எந்த ரயிலுக்கு வாங்கினீர்களோ அதில்தான் போக வேண்டும். ரத்து செய்தால் பணம் வராது. அடுத்தது ஷ்பார்ப்ரைஸ். இதுவும் குறிப்பிட்ட ரயிலுக்குத்தான், ஆனால் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். மூன்றாவது ஃப்ளெக்ஸ்ப்ரைஸ். விலை அதிகம், அன்றைக்கு அந்த வழியில் போகும் எந்த ரயிலிலும் ஏறலாம்.

முதல் முறை போகிறவர்கள் ஃப்ளெக்ஸ்ப்ரைஸ் வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. காரணம், ஒரு ரயிலுக்குக் கட்டுப்பட்ட டிக்கெட்டின் அந்தக் கட்டு எளிதில் அவிழ்ந்துவிடும். போய்ச் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்துவிட்டாலே வேறு ரயிலில் ஏறிக்கொள்ளலாம். இந்தக் கட்டுக்கு ஜெர்மனில் ட்சுக்பிண்டுங் என்று பெயர். அது நீங்கிவிட்டால் செயலியிலேயே அறிவிப்பு வரும். அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த ரயிலைத் தேடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரயில் மாறிப் போவதாக இருந்தால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். கொஞ்சம் மலிவாகிறதே என்று இரண்டு துண்டாக வாங்கினால், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் நஷ்டம் உங்களுடையது. இரண்டும் தனித்தனி ஒப்பந்தம் என்பார்கள்.

ரயில் மாறும் இடைவெளியாகச் செயலி ஏழு எட்டு நிமிடம் கூடத் தரும். பெட்டி, குழந்தை, வயதான அம்மா என்று போகிறவர்களுக்கு அது போதவே போதாது. தேடும்போது குறைந்தபட்ச இடைவெளியை நாமே கூட்டி வைக்க வழி இருக்கிறது. நான் 30 நிமிடம் வைத்துக்கொள்கிறேன்.

டிக்கெட் வாங்கினால் இருக்கை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நம் ஊர் முன்பதிவு இல்லாத பெட்டி மாதிரி, யாரும் பதிவு செய்யாத இருக்கையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். இருக்கைக்குத் தனியாகச் சில யூரோ கட்ட வேண்டும். வெள்ளி மாலை, ஞாயிறு மாலை என்றால் கட்டிவிடுங்கள். என்னைக் கேட்டால் முதல் பயணத்தில் எல்லா நாளும் கட்டலாம். பெட்டி எண் கையில் இருந்தால் ரயிலின் எந்தப் பாதியில் ஏற வேண்டும் என்ற குழப்பமே வராது. நான் எஸ்ஸன் போனது இந்தச் சில யூரோவை மிச்சம் பிடித்ததால்தான்.

படி 3: நிலையத்தில்

பிளாட்ஃபாரத்துக்கு கிளைஸ் என்று பெயர். பலகையில் கிளைஸ் எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். பிளாட்ஃபாரத்தை ஏ, பி, சி என்று பகுதிகளாகப் பிரித்து, மேலே பெரிய பலகை தொங்கவிட்டிருப்பார்கள். உங்கள் பெட்டி எந்த எழுத்தின் கீழ் நிற்கும் என்று செயலியில் பார்த்து, ரயில் வரும் முன்பே அங்கே போய் நின்றுவிடுங்கள். பிரிகிற ரயில் என்றால் எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்பதும் பலகையில் இருக்கும். ஏறியதும் கதவருகிலோ உள்ளேயோ இருக்கும் திரையில் உங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நிமிடத்தில் பெட்டிகளின் வரிசை தலைகீழாக வருவதும் உண்டு. உம்கெகேர்ட்ட வாகன்ரைஹுங் என்று ஒலிபெருக்கியில் கேட்டால், மொத்தக் கூட்டமும் சூட்கேஸை இழுத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடும். நீங்களும் ஓடுங்கள். நேரமில்லாவிட்டால் பக்கத்துக் கதவில் ஏறி உள்ளே நடந்து போகலாம். இரண்டு ரயிலை ஒன்றாகக் கோத்திருந்தால் மட்டும் ஒன்றிலிருந்து மற்றதற்கு உள்ளே வழி இருக்காது, அடுத்த நிலையத்தில் இறங்கித்தான் மாற வேண்டும்.

காதில் விழ வேண்டிய இன்னும் இரண்டு சொற்கள்: ஃபெர்ஷ்பேட்டுங் என்றால் தாமதம், ஃபெல்ட் ஔஸ் என்றால் ரயில் ரத்து. எஸ்இவி என்று எழுதியிருந்தால் தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, ரயிலுக்குப் பதில் பேருந்து. அந்தப் பேருந்து நிலையத்துக்கு வெளியே எங்கோ ஒரு மூலையில் நிற்கும், தேடுவதற்கே பத்து நிமிடம் வேண்டும்.

சில நிலையங்களைப் பற்றித் தெரிந்துகொண்டு போவது நல்லது. பெர்லின் மத்திய நிலையத்தில் 1 முதல் 8 வரை பூமிக்கு அடியில், 11 முதல் 16 வரை உச்சியில். ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் தொலைதூர ரயிலுக்கு ஒரு நிலையம், வட்டார ரயிலுக்கு இன்னொன்று. கொலோனுக்குப் போகும் சில ரயில்கள் தேவாலயத்தின் பக்கத்தில் இருக்கும் மத்திய நிலையத்துக்கு வராமல், ரைன் ஆற்றுக்கு அக்கரையில் டாய்ட்ஸ் நிலையத்தோடு சரி. மூனிக்கில் 27-ஆம் எண்ணில் தொடங்கும் கிளைஸ்கள் ஓர் ஓரமாகத் தனியே இருக்கின்றன, நடை அதிகம்.

எங்கேயும் டிக்கெட் கதவு கிடையாது. அதனால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நகர ரயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. இயந்திரத்தில் வாங்கும் சில காகித டிக்கெட்டுகளை ஏறும் முன் சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் அவர்களுக்கு ஒன்றுதான்.

படி 4: அறை போடும்போது

ஊர்ப் பெயரை முழுதாகப் படியுங்கள். விமானம் இறங்குவது மைன் ஆற்றங்கரை ஃபிராங்ஃபர்ட்டில். போலந்து எல்லையில், ஓடர் ஆற்றங்கரையில் இன்னொரு ஃபிராங்ஃபர்ட் இருக்கிறது. அங்கே மலிவாக அறை கிடைக்கிறதே என்று போட்டுவிட்டால் நாட்டின் மறுகோடிக்குப் போக வேண்டியிருக்கும். அதேபோல ஃபிராங்ஃபர்ட்-ஹான் என்ற விமான நிலையம் ஃபிராங்ஃபர்ட்டில் இருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அடுத்து வரவேற்பு மேசை எத்தனை மணி வரை என்று பாருங்கள். பெரிய ஹோட்டல்களில் இரவு முழுக்க ஆள் இருப்பார். குடும்பமே நடத்தும் சின்ன விடுதிகளில் ஆறு மணிக்கோ பத்து மணிக்கோ பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் விதி இதுதான்: ரயில் மாறிப் போய்ச் சேரும் நாளில் இரவு முழுக்க ஆள் இருக்கும் ஹோட்டல், அதுவும் நிலையத்துக்குப் பக்கத்தில். அழகான சின்ன விடுதியெல்லாம் பயணம் செய்யாத நாளுக்கு.

பொருட்காட்சி, திருவிழா நாட்களில் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். ஏப்ரலில் ஹனோவர் தொழில் பொருட்காட்சி, அக்டோபரில் ஃபிராங்ஃபர்ட் புத்தகக் கண்காட்சி, செப்டம்பர் கடைசியில் மூனிக் பீர் திருவிழா என்று தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். பல நகரங்களில் அறை வாடகைக்கு மேல் நகர வரி தனி. பெர்லினில் 2025-இல் இருந்து அது 7.5 சதவீதம். வெளிநாட்டவர் பதிவுப் படிவம் நிரப்ப வேண்டும், பாஸ்போர்ட் பெட்டியின் அடியில் இருக்க வேண்டாம்.

படி 5: இரவில் வாசலில் நின்றால்

கொலோன் கதைக்கு வருகிறேன். கதவைத் தட்டினேன், மணி அடித்தேன், யாரும் வரவில்லை. அப்புறம்தான் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் எண் பொத்தான்கள் வைத்த சின்ன இரும்புப் பெட்டி கண்ணில் பட்டது. அதற்குள்தான் சாவி. அதைத் திறக்கும் எண்ணை மத்தியானமே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். ஜெர்மனில் வந்ததால் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழுந்திருந்தது. தெருவில் நின்றபடி, போனில் நான்கு சதவீத சார்ஜ் மிச்சம் இருக்க, அதைத் தேடி எடுத்தேன்.

அதனால் இந்த வரிசையில் செய்யுங்கள். ரயில் தாமதம் என்று தெரிந்ததும், ரயிலில் இருக்கும்போதே விடுதிக்குப் போன் செய்யுங்கள். மின்னஞ்சல் போதாது, ஒன்பது மணிக்கு மேல் அதை யாரும் பார்ப்பதில்லை. தாமதமாக வருகிறேன், சாவி எங்கே இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். பதிலைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பேம் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ரயில் ரத்தாகி, நள்ளிரவில் வேறு வழியே இல்லாமல் நடுவழி ஊரில் நின்றால் உடனே நீங்களாக ஹோட்டல் தேடாதீர்கள். முதலில் நிலையத்தின் தகவல் மேசைக்குப் போங்கள். ரயில் நிறுவனமே ஹோட்டலுக்கோ டாக்சிக்கோ ஏற்பாடு செய்யும் விதி இருக்கிறது. மேசை மூடியிருந்தால் மட்டும் சொந்தச் செலவில் போய், ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படி 6: அறைக்குள்

இரட்டைக் கட்டில் என்றால் பெரும்பாலும் இரண்டு மெத்தை, இரண்டு போர்வை. நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், குறை சொல்லிப் பயனில்லை. பல இடங்களில் ஏசி கிடையாது, மின்விசிறியும் கிடையாது.

ஜன்னல் கைப்பிடியில் கவனம். கீழ் நோக்கி இருந்தால் பூட்டு, பக்கவாட்டில் திருப்பினால் கதவு போலத் திறக்கும், மேல் நோக்கித் திருப்பினால் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாயும். ஜன்னல் திறந்திருக்கும்போதே கைப்பிடியை மேலே திருப்பிவிட்டால் முழு ஜன்னலும் ஒரே மூலையில் தொங்க ஆரம்பிக்கும். எனக்கு அது நடந்தது. இரண்டு கையாலும் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டே, காலால் போனை இழுத்து வரவேற்பு மேசையைக் கூப்பிட்டேன். வந்த பையன் ஜன்னலைச் சட்டத்தோடு அழுத்தி, கைப்பிடியைத் திருப்பி, மூன்று நொடியில் சரி செய்துவிட்டுப் போனான். ஜன்னலை மூடிய பிறகுதான் கைப்பிடியைத் திருப்ப வேண்டுமாம்.

அறையில் ஊதுபத்தி கொளுத்த வேண்டாம், கூரையில் புகை உணரும் கருவி இருக்கிறது. சனிக்கிழமை மாலையே தண்ணீர், பழம், ரொட்டி வாங்கி வையுங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக் கடைகள்தான் திறந்திருக்கும்.

படி 7: இழப்பீடு

60 நிமிடம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120 நிமிடம் ஆனால் 50 சதவீதம். செயலியில் அந்தப் பயணத்தைத் திறந்தாலே விண்ணப்பிக்கலாம், மூன்று மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். 4 யூரோவுக்குக் குறைவாக வந்தால் தர மாட்டார்கள், அதனால் மிக மலிவான டிக்கெட்டுக்கு ஒரு மணி நேரத் தாமதத்தில் ஒன்றும் கிடைக்காது. நீங்களே தப்பான பாதியில் ஏறித் தூங்கிவிட்டால் அதற்கு எந்தக் கட்டமும் அந்தப் படிவத்தில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.