மழை நாட்டில் பழைய ரிக்கார்டு பிளேயர்: டெக்கைக் கழற்றிப் பராமரிக்கும் முறை

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்து வீடுகளில் மச்சிலும் அலமாரி மேலும் இருக்கும் ரிக்கார்டு பிளேயர்கள் பெரும்பாலும் ஓடாமல் கிடந்தே கெட்டவை. ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை, நடுவிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. கிரீஸ் இறுகும், சுவிட்சின் செம்பு பச்சை பூக்கும், ரப்பர் தட்டையாகும், மோட்டாருக்கு அடியில் எறும்பு மண் சேர்க்கும். இவ்வளவையும் சரிசெய்துவிடலாம். ரிக்கார்டைச் சுழற்றும் தட்டு, முள்ளைத் தாங்கும் கை, மோட்டார் எல்லாம் பொருத்திய இரும்புப் பலகைதான் டெக். திருத்த முடியாத சேதம் பெரும்பாலும் அதைப் பெட்டியிலிருந்து தூக்கும்போதுதான் நேர்கிறது. கட்டாத கை ஆடி முள் முறியும், இழுத்த ஒயர் அறுந்து வரும், நெம்பிய தட்டு வளையும். அதனால் கழற்றும் வேலையையே இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

இங்கே சொல்வது கேரார்டு எஸ்பி 25, பி.எஸ்.ஆர். சேஞ்சர் (அடுக்கி வைத்த ரிக்கார்டுகளை ஒவ்வொன்றாகப் போடும் வகை), டூயல் 1019 போன்ற, மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே உருளும் ரப்பர் ஐட்லர் சக்கரத்தால் தட்டைச் சுழற்றும் டெக்குகளுக்கு. தனிப் பெட்டியில் இருந்தாலும், ரேடியோவோடு சேர்ந்த ரேடியோகிராமுக்குள் இருந்தாலும் முறை ஏறத்தாழ ஒன்றுதான்.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாட்களில் செய்தால் நல்லது. துடைத்த இரும்பு மழைக்காலத்தில் ஒரே இரவில் துரு பிடிக்கும். தேவையானவை: 3 மி.மீ., 6 மி.மீ. தட்டை முனை டிரைவர்கள், ஸ்டார் டிரைவர், மூக்குப் பிளேயர், ட்வீசர், மல்டிமீட்டர், 100 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி, தையல் மெஷின் எண்ணெய், வெள்ளை லித்தியம் கிரீஸ், 15 செ.மீ. உயரத்தில் மரக்கட்டை இரண்டு, பழைய துவர்த்து (துண்டு) ஒன்று. நாலைந்து சிரட்டைகளையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கழற்றும் திருகுகளைத் தனித்தனிச் சிரட்டையில் போட்டு வரிசையாக வைத்தால், திரும்பப் பூட்டும்போது குழப்பமே வராது.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வால்வு ரேடியோகிராம் என்றால் பிடுங்கிய பிறகும் ஆபத்து இருக்கிறது. ஆம்பிளிஃபயரின் பெரிய ஃபில்டர் கண்டென்சரில் 250, 300 வோல்ட் டி.சி. தங்கியிருக்கலாம். மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். வோல்டேஜ் இருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை மூக்குப் பிளேயரால் பிடித்து, கண்டென்சரின் இரு முனைகளுக்கும் நடுவே பத்து விநாடி வைத்து எடுத்து, மறுபடியும் அளக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அடுத்து, ஆட்டோமேட்டிக் டெக்கில் கை பாதி வழியில் நின்றிருந்தால் அதைத் தள்ளாதீர்கள். உள்ளே பல்சக்கரமும் லீவரும் கோத்திருக்கின்றன. தள்ளினால் அவைதான் வளையும். தட்டைக் கையாலேயே கடிகாரச் சுற்றில் மெதுவாகச் சுற்றுங்கள். சில சுற்றுகளில் கை தானாகத் தன் தாங்கிக்குத் திரும்பும். தட்டே நகரவில்லை என்றால் கிரீஸ் கல்லாகியிருக்கிறது. அப்போது கையை இருக்கும் இடத்திலேயே கட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

கை, தட்டு, ஐட்லர்

முதலில் முள்ளுக்கு மூடி போடுங்கள். தலைப்பகுதி கழலும் வகை என்றால் கழற்றித் தனியே வையுங்கள். பின்பக்க எடையைக் கழற்றும் முன், கையின் பின் முனையிலிருந்து அது எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கையைத் தாங்கியோடு சேர்த்து நூலால் கட்டுங்கள். ரப்பர் பேண்டு இந்தச் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

சேஞ்சரில் நடுவே நிற்கும் நீளமான அச்சு, பல மாடல்களில் மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். ரப்பர் விரிப்பை எடுத்ததும் நடுவில் சின்னதாக ஒரு 'சி' வடிவக் கிளிப் தெரியும். அது தெறித்தால் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டிவரும். துவர்த்தை அதன்மேல் போட்டு, அடியில் சின்ன டிரைவரை நுழைத்துத் தள்ளுங்கள்.

தட்டைத் தூக்கும் முன் கட்டுப்பாட்டுக் குமிழ் அணைப்பு நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில்தான் ஐட்லர் தட்டின் உள்விளிம்பை விட்டு விலகும். ஒட்டியிருக்கும்போது தூக்கினால் ரப்பர் பிய்யும், அல்லது ஐட்லரின் கை வளையும். தட்டின் துளைகளில் எதிரெதிராக விரலை விட்டு நேராக மேலே தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பக் கூடாது. கேரார்டு 301 போன்ற கனமான டெக்குகளில் தட்டு கூம்பு வடிவ அச்சில் இறுகி உட்கார்ந்திருக்கும், கிளிப் கிடையாது. அங்கே ஒருவர் தட்டை இருபுறமும் பிடித்துச் சற்றே மேலே தாங்க, இன்னொருவர் அச்சின் தலையில் மரக்கட்டை வைத்து லேசாக ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும்.

தட்டுக்கு அடியில் வாஷர், குண்டு வளையம், வாஷர் என்று அடுக்கு இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். வரிசை மாறினால் தட்டு ஒரு மி.மீ. உயர்ந்தோ தாழ்ந்தோ உட்கார்ந்து, ஓடும்போது உராயும். ஐட்லரும் அதேபோலக் கிளிப்பில் நிற்கும். அதன் மேலும் கீழும் உள்ள மெல்லிய வாஷர்கள் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து தொலைவதுண்டு, கவனம்.

பெட்டியிலிருந்து தூக்குதல்

டெக் ஸ்பிரிங்குகளின் மேல் மிதக்கிறது. மேலே தெரியும் இரண்டு பெரிய திருகுகள் போக்குவரத்துக்காக அதை இறுக்கிப் பிடிப்பவை. எந்தப் பக்கம் திருப்பினால் விடும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அரைச் சுற்று திருப்பி, டெக்கின் மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆட்டம் கூடுகிறதா, குறைகிறதா என்பதை வைத்தே திசை தெரிந்துவிடும். சில பெட்டிகளில் திருகின் அடிக்கால் மரத்துக்குக் கீழே கொக்கி போட்டிருக்கும். திருகைத் தளர்த்திச் சற்றே சாய்த்தால்தான் துளை வழியாக வெளியே வரும். ரேடியோகிராமில் பலகைக்கு அடியில் கம்பிக் கிளிப் இருக்கும், அதை உள்ளே கைவிட்டுத்தான் விடுவிக்க வேண்டும்.

இப்போதே தூக்கிவிடாதீர்கள். ஒயர்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன. டெக்கின் ஒரு ஓரத்தை நான்கு விரல் அளவு உயர்த்தி, அடியில் கட்டை கொடுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மோட்டாருக்குப் போகும் மெயின்ஸ் ஒயர், ஆம்பிளிஃபயருக்குப் போகும் ஒலி ஒயர், எர்த் ஒயர் மூன்றுக்கும் டேப் ஒட்டி எழுதி வையுங்கள். பழைய ரப்பர் உறை ஒயர் விரல் பட்டாலே பொடியாக உதிரும். அப்படியானதைச் சேமிக்க நினைக்காமல் கத்தரித்து, புதிதாக 0.75 சதுர மி.மீ. மூன்று கோர் ஒயர் போட்டு, டெக்கின் இரும்புப் பலகைக்கு எர்த் கொடுங்கள். இரண்டு பின் மட்டும் உள்ள பழைய இணைப்பு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் வீட்டுக்கு ஆகாது.

ஒயர் விட்டதும் இரு கைகளாலும் இரும்புப் பலகையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். கையையோ நடு அச்சையோ பிடிக்கக் கூடாது. மோட்டார் கீழே நீளமாகத் தொங்கும், மரத் துளையின் ஓரத்தில் தட்டும். அந்தப் பக்கத்தைக் கடைசியாக, சாய்வாக எடுங்கள். ஸ்பிரிங்குகளைக் கழற்றும்போது எது எந்த மூலை என்று குறியுங்கள். மோட்டார் இருக்கும் பக்கத்துக்குக் கனத்த ஸ்பிரிங் வைத்த டெக்குகள் உண்டு. மாற்றிப் போட்டால் டெக் ஒருபக்கம் சரியும்.

டெக்கைத் தலைகீழாக இரண்டு மரக்கட்டைகளின் மேல், கையும் அச்சும் தரையில் படாதபடி வையுங்கள். காலிப் பெட்டியையும் பாருங்கள். கறையான் மண் தெரிந்தால் டெக்கை அதற்குள் திரும்ப வைக்கும் முன் பலகையைச் சரிசெய்தாக வேண்டும்.

திறந்த பிறகு

பழைய கிரீஸ்தான் பெரும்பாலான கோளாறுகளுக்கு மூலம். தேன் நிறத்தில் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். பல்சக்கரம், லீவர்கள் உரசும் இடங்கள் எல்லாவற்றையும் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் சுத்தமாக எடுத்துவிட்டு, லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். பெரிய பல்சக்கரத்தின் மேல் உள்ள சின்ன டிரிப் நாக்குக்கு மட்டும் எதுவும் போடக் கூடாது. அது உலர்ந்து தானே ஆட வேண்டும். அதில் எண்ணெய் பட்டால் கை பாட்டின் நடுவே எழும்பும், அல்லது முடிவில் எழும்பவே எழும்பாது. நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கைத் தின்னும், பெட்ரோல் தீப்பிடிக்கும், இரண்டும் வேண்டாம்.

மோட்டார் அச்சைத் தாங்கும் புஷ்ஷுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் நம் பக்கத்தில் அதிகம். மார்கழி விடியலில் அது பாட்டிலில் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். புஷ்ஷிலும் அதுதான் நடக்கிறது. தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கவும் செய்யும், எறும்பும் வரும். துருப்பிடித்த திருகுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் உயவு எண்ணெய்க்கு மாற்றாகாது, சீக்கிரம் உலர்ந்துவிடும். மோட்டாரைப் பிரிக்கும் முன் மேல் மூடிக்கும் கீழ் மூடிக்கும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். வெண்கலப் புஷ்களைத் துடைத்து, ஈர்க்குச்சி முனையால் மேலும் கீழும் இரண்டிரண்டு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு, சுற்றியுள்ள கம்பளி வளையத்தையும் அதில் நனையுங்கள். பூட்டிய பிறகு ரோட்டரை விரலால் சுழற்றினால் சில விநாடி தானே ஓடி நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் புஷ்கள் நேர்கோட்டில் இல்லை. திருகுகளைச் சற்றே தளர்த்தி, மூடியின் பக்கவாட்டில் டிரைவர் பிடியால் மெதுவாகத் தட்டி, மறுபடி இறுக்குங்கள்.

ஐட்லர் ரப்பரை ஆல்கஹாலால் துடைத்தால் கறுப்பு வரும். வருவது நிற்கும்வரை துடையுங்கள். பளபளத்து வழுக்கினால் 400 நம்பர் உப்புத்தாளை லேசாகக் காட்டலாம். நாள்பட ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தால் 'தொம், தொம்' என்று ஒரே தாளத்தில் இரையும். அதற்கு மாற்றுச் சக்கரம்தான் வழி. சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் விட்டம் கூடுவதும் வட்டம் பிசகுவதும் உறுதி.

திருகு தொலைந்தால் கடையில் கிடைக்கும் மெட்ரிக் திருகைத் திணிக்காதீர்கள். ஆங்கிலேய டெக்குகளில் பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரையே அதிகம். 4 பி.ஏ. என்பது 3.6 மி.மீ.; அதில் 4 மி.மீ. திருகை ஏற்றினால் மரை போய்விடும்.

அணைத்த பிறகும் மோட்டார் நிற்காமல் ஓடினால், சுவிட்சுக்குக் குறுக்கே உள்ள சின்னக் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அதில் எழுதியுள்ள அதே மதிப்பில், 275 வோல்ட் ஏ.சி., எக்ஸ் 2 வகையைப் போடுங்கள். சாதாரணக் கண்டென்சர் இங்கே கூடாது.

பிக்கப்பை, அதாவது கையின் தலையில் முள்ளைப் பிடித்திருக்கும் பகுதியை, கழற்றினால் ஒயரை இழுக்காமல், முனையில் உள்ள சின்னக் குழலை ட்வீசரால் பிடித்து உருவுங்கள். வெள்ளை இடது, நீலம் அதன் கிரவுண்டு, சிவப்பு வலது, பச்சை அதன் கிரவுண்டு. 1950களின் கிரிஸ்டல் பிக்கப் பலவற்றின் உள்ளே இருப்பது ரோஷெல் உப்பு. ஈரக்காற்றில் அது கரைந்துவிடும். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்திருந்தால் காரணம் அதுதான். பழுதுபார்க்க வழியில்லை, செராமிக் பிக்கப் போட்டுக்கொள்ளலாம்.

வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டெக் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சவூதியில் இருந்த 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு வாங்கியதாக இருந்தால் வோல்டேஜ் மாற்றினால் மட்டும் போதாது. நம் 50 ஹெர்ட்ஸில் அது ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பாடகர் குரல் கனத்துப்போகும். மோட்டார் அச்சில் உள்ள படிப்படியான புல்லியை 50 ஹெர்ட்ஸ் புல்லியாக மாற்ற வேண்டும்.

திரும்பப் பூட்டுதல்

கழற்றிய வரிசைக்கு நேர் எதிராகப் போங்கள். தட்டை இறக்கும்போது ஐட்லரை விரலால் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். ரப்பரிலும் தட்டின் உள்விளிம்பிலும் எண்ணெய்ச் சுவடே இருக்கக் கூடாது. கடைசியாக ஒருமுறை ஆல்கஹாலால் துடையுங்கள். முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது 40 வாட் குண்டு பல்பைச் சீரியலில் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே பிடுங்கிவிடுங்கள்.

வேகம் பார்க்க 180 கோடுகள் உள்ள ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டில் வைத்து, சோக் போட்ட பழைய டியூப்லைட்டுக்குக் கீழே நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓட்டுங்கள். கோடுகள் நின்றதுபோல் தெரிந்தால் வேகம் சரி. நல்ல எல்.இ.டி. பல்பு மினுங்காது, அதில் இந்தச் சோதனை பலிக்காது. முள்ளின் பாரம் செராமிக் பிக்கப்புக்கு 3 முதல் 5 கிராம் வரை, காந்தப் பிக்கப்புக்கு 1.5 முதல் 3 கிராம் வரை. உங்கள் பிக்கப்பின் தாளில் உள்ள எண்ணே இறுதியானது.

போக்குவரத்துத் திருகுகள் தளர்வாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இறுகியிருந்தால் மோட்டார் அதிர்வு முழுவதும் முள்ளில் ஏறி இரையும். அணைத்து வைக்கும்போதெல்லாம் குமிழை அணைப்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள்; பிளக்கை மட்டும் பிடுங்கினால் ஐட்லர் தட்டோடு ஒட்டியபடி நின்று மறுபடி பள்ளம் விழும். மழைக்காலத்தில் மேலே பாலிதீன் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணி போதும். மாதம் ஒருமுறை பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள்.