எரிமலை பொங்கியது, பாடம் எங்கே?

மலை, ஆறு போன்ற நிலத்தோற்றங்களைக் குழந்தைகளுக்குச் செய்துகாட்டலாம் என்று உட்கார்ந்தால் முதலில் தயாராவது வினிகரும் சமையல் சோடாவும் கலந்த எரிமலைதான். நுரை பொங்கும், குழந்தைகள் கத்துவார்கள். ஆனால் அது அமிலமும் காரமும் சேரும் வேதிவினை. நிஜ எரிமலையில், பாறைக்குழம்பு மேலேற ஏற அழுத்தம் குறைந்து, அதில் கரைந்திருந்த வாயுக்கள் பிரிந்து குழம்பையும் தள்ளிக்கொண்டு வருகின்றன. குலுக்கிய சோடா பாட்டிலின் மூடியைத் திறந்தால் இதுவே கண்ணெதிரே நடக்கும். (வெட்டவெளியில் திறவுங்கள்!)

அசலைப் போலத் தோன்றினால் போதுமா, அசலைப் போல நடக்க வேண்டாமா? மணல் தட்டில் ஆறு செய்யும்போதும் இதே சிக்கல்தான். பெரியவர் விரலால் அழகாக ஒரு வாய்க்கால் கீறிவிடுவார். தண்ணீர் அதில் ஓடும். ஆறு எப்படி உருவாகிறது என்பது மட்டும் தெரியாமலே போகும். கீறாதீர்கள். ஈர மணலைப் பரப்பி, தட்டின் ஒரு முனைக்கு அடியில் புத்தகம் வைத்துச் சாய்த்து, தண்ணீரை நூல் போல விடுங்கள். ஒரேயடியாகக் கவிழ்த்தால் மணல் முழுதும் சரிந்துவிடும். ஊற்றும் முன், தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று ஒவ்வொரு குழந்தையும் ஒரு குச்சியை நட்டுவைக்கட்டும். பெரும்பாலான குச்சிகள் தவறான இடத்தில்தான் இருக்கும். எனக்குப் பிடித்த கட்டமே அதுதான்: ஏன் அங்கே போகவில்லை என்று அவர்களே கேட்பார்கள். வேகம் குறையும் அடிவாரத்தில் மணல் விசிறியாகப் படிவதையும் பார்த்த பிறகே துடைக்கத் துணியை எடுங்கள்.

பயோம் எனப்படும் பல்லுயிர்த் தொகுதிகளை (ஒரே வகைத் தட்பவெப்பமும் அதற்கேற்ற செடிகொடிகளும் விலங்குகளும் கொண்ட பெரும்பரப்புகளை) ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டைப்பெட்டியாகச் செய்யும்போது தவறு பட்டியலிலேயே தொடங்குகிறது. காடு, புல்வெளி, பாலைவனம் வரிசையில் மலையையும் சேர்த்துவிடுகிறோம். மலை ஒரு நிலத்தோற்றம். 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவில் கீழே மழைக்காடு, மேலே வறண்ட கற்பரப்பு, உச்சியில் பனி. ஒரு மலைக்கு ஒரு பெட்டி எப்படிப் போதும்?

பாலைவனப் பெட்டி என்றாலே மஞ்சள் மணலும் ஒட்டகமும். சகாராவிலேயே மணல் கால் பங்கு அளவுதான். மற்றதெல்லாம் பாறையும் சரளையும். அண்டார்டிகாவும் பாலைவனமே, ஏனென்றால் கணக்கு வெயிலில் இல்லை, மழையிலும் பனிப்பொழிவிலும் இருக்கிறது. பனிப் பெட்டியில் பெங்குவினையும் துருவக் கரடியையும் சேர்த்து நிற்கவைக்கவும் வேண்டாம். அவை பூமியின் எதிரெதிர் முனைகளில் வாழ்பவை.

மாவில் செய்யும் மலைகள் எப்போதும் மிகை உயரம்தான். அது தவறில்லை, சொல்லாமல் விடுவதுதான் தவறு. 30 செ.மீ. அகல பூமி உருண்டையில் எவரெஸ்டின் உயரம் 0.2 மி.மீ. இரண்டு காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.