வெளி பில்லரில் பீம் மேல்கம்பியை எவ்வளவு உள்ளே விடுவது?

சைட்டில் கேட்டால் "50 டி விட்டால் போதும்" என்பார்கள் (டி என்பது கம்பியின் விட்டம்). எஃப்.ஈ.500 தரக் கம்பிக்கு எம்20 தரக் கான்கிரீட்டில் அது பத்தாது, 57 டி வேண்டும். வாய்க்கணக்கை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூல்) படி போட்டுப் பாருங்கள்.

எடுத்துக்காட்டு: பில்லர் 300 மி.மீ., பீம் 230 × 450, எம்25, மேலே 16 மி.மீ. கம்பி இரண்டு.

படி 1: எல்.டி., அதாவது கம்பி உருவி வராமல் இருக்கக் கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டிய நீளம் = விட்டம் × 0.87 × 500 ÷ (4 × பாண்ட் ஸ்ட்ரெஸ்). பாண்ட் ஸ்ட்ரெஸ் என்பது கான்கிரீட் கம்பியைப் பிடிக்கும் வலிமை. எம்25க்கு அட்டவணையில் உள்ள 1.4 வழுவழுப்பான கம்பிக்கானது. முறுக்குக் கம்பிக்கு 1.6ஆல் பெருக்க வேண்டும், 4 × 1.4 × 1.6 = 8.96. 16 × 435 ÷ 8.96 = 777, அதாவது 780 மி.மீ.

படி 2: 300 பில்லருக்குள் 780 நேராகப் போகாது, கம்பியைக் கீழே வளைத்து வால் விட வேண்டும். முதலில் பில்லருக்குள் நேராகக் கிடைக்கும் நீளம். 300இல் கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்) 40, ரிங் (பில்லர் கம்பிகளைச் சுற்றிய வளையம்) 8 போக 252. வளைவின் உள் ஆரம் 4 டி, கம்பியோடு சேர்த்து 5 டி, அதாவது 80. மிச்சம் 172.

படி 3: பலரும் தவறுவது இங்கேதான். 90 டிகிரி வளைவுக்கு 8 டி, அதாவது 128 மி.மீ. மதிப்பு உண்டு. ஆனால் வளைவையும் அதை ஒட்டிய 4 டி நேர்வாலையும் சேர்த்துத்தான் அந்த 8 டி. வால் முழுவதையும் தனியாகக் கூட்டினால் அந்த 64 மி.மீ. இரண்டு முறை கணக்கில் வந்துவிடும். சரியான கணக்கு: 780 − 172 − 128 = 480, அதோடு அந்த 8 டிக்குள் அடங்கிய நேர்வால் 64. வால் 544, அதை 545 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வால் எங்கே முடிகிறது? மேல்கவர், ரிங், வளைவு எல்லாம் போக பீமின் மேல்மட்டத்திலிருந்து 115 மி.மீ. கீழே வால் தொடங்குகிறது. பீம் அடிமட்டம் வரை 335தான் இருக்கிறது. மீதி 210 மி.மீ. பில்லருக்குள் இறங்கியாக வேண்டும். பில்லரை முன்பே பீம் அடிவரை போட்டு முடித்திருந்தால் அந்த 210க்கு இடமே இல்லை. அப்போது சைட்டில் வாலை வெட்டிவிடுவார்கள், இல்லையென்றால் மேல்நோக்கி மடக்குவார்கள். இரண்டுமே கூடாது. மொட்டைமாடி பீமில் மேலே மடக்கினால் அந்த வாலைப் பிடிக்கக் கான்கிரீட்டே கிடையாது.

நான் சொல்வது, கம்பியைச் சிறியதாக்குங்கள். 16இல் இரண்டு 402 ச.மி.மீ., 12இல் நான்கு 452. எல்.டி. 583ஆகக் குறைகிறது, அதே கணக்கில் வால் 345. வளைவும் சிறியதாகி பீமுக்குள் 355 கிடைப்பதால் உள்ளேயே அடங்கிவிடும். நான்கு கம்பியும் 230 அகலத்தில் தாராளமாக உட்காரும், இடைவெளி 38 மி.மீ. வரும்.

பின்சேர்க்கை: ஐ.எஸ். 13920 (நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான விதிநூல்) பொருந்தும் கட்டடமென்றால் எல்.டி.யோடு 10 டி கூட்டுங்கள். 12 மி.மீ. கம்பிக்கு வால் 465 ஆகிறது. பில்லர் கான்கிரீட்டை பீம் அடிக்கு 125 மி.மீ. கீழேயே நிறுத்தச் சொல்லி, அந்த மட்டத்தை சென்ட்ரிங் பலகையில் ஆணி அடித்துக் காட்டிவிடுங்கள்.

சென்ட்ரிங் எண்ணெயைக் கம்பி கட்டுவதற்கு முன்பே தடவி முடிக்க வேண்டும். கம்பியில் எண்ணெய் பட்டுவிட்டால் கான்கிரீட் அதைப் பிடிக்காது, மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது.