மறதிநோய் கண்டவருக்குத் துணையிருத்தல்

மறதிநோய் கண்ட முதியவருக்குத் துணையிருப்பவர் முதலில் விட வேண்டியது, "இப்போதுதானே சொன்னேன்" என்னும் பேச்சை. புதியவற்றைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதியை, மறதிநோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் நோய் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தாக்குவதால், காலையில் உண்ட இட்லியை மறந்தவருக்கு 50 ஆண்டுகளுக்கு முந்தைய கல்யாணப் பந்தி துலக்கமாக நினைவிருக்கும். பேச்சை அந்தப் பக்கமே கொண்டுசெல்லுங்கள்.

என் மாமியார் மாலை 5 மணியானால், "அப்பா தேடுவார், வீட்டுக்குப் போகணும்" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். அவருடைய தந்தை காலமாகி 40 ஆண்டுகள் ஆயிற்று என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் இறந்ததுபோல் அழுதார். அதன்பின் நான் மறுத்துப் பேசுவதே இல்லை. பொழுது சாயுமுன் கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு, "உங்க அப்பா எப்படிப்பட்டவர், அத்தை?" என்று கேட்டபடியே முறத்தில் முருங்கைக்கீரையை வைத்து உருவக் கொடுப்பேன், பாதிக் கீரை முடிவதற்குள் கையோடு மனமும் நிதானப்பட்டுவிடும்.

"என்ன வேண்டும்?" என்பதைவிடக் "காபியா, பாலா?" என்று கேட்பது அவர்களுக்கு எளிது. குளிக்க மறுத்தால் வற்புறுத்தாமல் அரை மணி நேரம் கழித்து மீண்டும் அழையுங்கள்.

ஓரிரு நாளில் குழப்பம் திடீரென மிகுந்தால், நோய் முற்றிவிட்டதென்று நீங்களாகவே முடிவுகட்டாதீர்கள்; சிறுநீர்த் தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ காரணமாக இருக்கக்கூடுமாகையால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.