பாரிட் (தோட்டத்து வடிகால்) தண்ணீரில் உலோகம் ஏறுகிறதா, இறங்குகிறதா? வீட்டுப் பக்கத்திலேயே கணக்கு வைக்கலாம்

மலேசியாவில் பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பாரிட்டில் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் ஓடுவது புதுசில்லை, அது காம்புட் மண்ணின் (செடிகொடி மக்கி உண்டான கரி மண்) சாயம். நீண்ட வறட்சிக்கு அப்புறம் மழை பெய்து, தண்ணீர் திடீரென்று கண்ணாடி மாதிரித் தெளிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கடலோரக் களிமண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கிடக்கிறது. நிலத்தடி நீர் இறங்கி அதில் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகும், முதல் மழை அதைக் கழுவிப் பாரிட்டில் இறக்கும், பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் எண்) 4க்கும் கீழே போகலாம். அந்த அமிலத்தில் மண்ணின் அலுமினியம் கரைந்து வந்து, சேற்றுத் துகளைத் திரட்டி அடியில் படிய வைத்துவிடும். தண்ணீர் பளிச்சென்று இருக்கும், மீன் இருக்காது.

சரி, எப்படி அளப்பது? ஒரே இடம், ஒரே நேரம், மாதம் ஒருமுறை. நேரத்தில் பிடிவாதமாக இருங்கள், ஏனென்றால் பாசி நிறைந்த, அமிலமில்லாத ஓடைகளில் துத்தநாகம் விடியற்காலையில் கூடி மாலையில் குறையும். முதல் வருஷம் காலையிலும் அடுத்த வருஷம் மதியத்திலும் எடுத்தால் இல்லாத இறக்கத்தை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். பாலத் தூணில் பெயின்ட்டால் அளவுக்கோடு போட்டு, நீர்மட்டத்தையும் ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள்.

போத்தல், அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கரைந்த உலோகம் வேண்டுமென்றால் அங்கேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அதன் பிறகுதான் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வரிசையை மாற்றினால் துகளில் ஒட்டிய உலோகமெல்லாம் கரைந்து கணக்கில் ஏறும். அமிலமே விடாவிட்டால் இரும்பு துருவாகப் படிந்து மற்றதையும் இழுத்துக்கொண்டு போத்தல் சுவரில் ஒட்டிவிடும். அமிலத்தை வீட்டில் வைக்காதீர்கள், அளந்து ஊற்றிய போத்தலையே லேப்பில் கேட்டு வாங்குங்கள்.

என் கதை ஒன்று. ஒரு சமயம் பிளாஸ்டிக் வாளி உடைந்துபோய், வீட்டிலிருந்த தகர வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். நாலு மாதம் துத்தநாகம் எகிறியது. தோட்டத்து லயத்தில் எல்லாரும் ஃபேக்டரியைத் திட்டினோம். கடைசியில் காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரை அதே வாளியில் ஊற்றி, அதே போத்தலில் பிடித்து அனுப்பினால் அதிலும் துத்தநாகம்! வாளியின் முலாம்தான். அன்றிலிருந்து மாதாமாதம் இப்படி ஒரு வெற்று மாதிரியும் சேர்த்தே போகிறது.

இன்னொன்று, "அண்ணே, யாரோ எண்ணெய் ஊத்திட்டானுங்க" என்று ஓடி வருவார்கள். படலத்தைக் குச்சியால் கிளறுங்கள். உடைந்த ஓடு மாதிரித் துண்டு துண்டாகப் பிரிந்து நின்றால் அது இரும்பு பாக்டீரியா வேலை, மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் எண்ணெய்.

ஐந்தாறு வருஷம் சேர்ந்ததும் கிராஃபில் கோடு இழுக்க அவசரப்படாதீர்கள், ஒரே ஒரு வெள்ளம் கோட்டையே தூக்கிவிடும். ஜனவரியை ஜனவரியோடு மட்டும் ஒப்பிடுங்கள்: ஆறு ஜனவரி என்றால் 15 ஜோடி, ஒவ்வொன்றிலும் ஏறியதா இறங்கியதா என்று எண்ணி, பன்னிரண்டு மாதத்துக்கும் கூட்டுங்கள். 1982இல் ஹிர்ஷும் கூட்டாளிகளும் ஆற்றுநீருக்காக எழுதிய பருவவாரி கெண்டால் சோதனையின் அடிப்படை இதுதான், இலவச மென்பொருளே செய்து கொடுக்கும். எவ்வளவு வேகம் என்று தெரிய, ஒவ்வொரு ஜோடியின் சரிவையும் (வித்தியாசத்தை இடைப்பட்ட வருஷங்களால் வகுத்தது) வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுங்கள், அது பிரணாப் குமார் சென் 1968இல் விளக்கிய முறை.

லேப்காரர் "5க்குக் கீழே" (அதற்கும் குறைவானதை மெஷினால் சரியாக அளக்க முடியவில்லை என்று அர்த்தம்) என்று எழுதினால் பூஜ்யம் போடாதீர்கள். மெஷின் மாறி அது "1க்குக் கீழே" என்று வர ஆரம்பித்தால், புதிய மாதிரிகளிலும் 5க்குக் குறைந்த எல்லாவற்றையும் "5க்குக் கீழே" என்றே வைத்து எண்ணுங்கள், மெஷின் மாறிய தேதியையும் நோட்டில் குறித்து வையுங்கள்.