மேடையில் கட்டும் பந்தயத்தை எழுத்தில் கொண்டுவருவது எப்படி

முற்றவெளிக் கூட்டத்திலோ சனசமூக நிலையத்து ஆண்டு விழாவிலோ பேசுபவர் ஒருவர், மாற்றுக் கருத்துடையவரைப் பார்த்து "ஒரு லட்சம் ரூபா பந்தயம், தயாரா?" என்று கேட்டால் கைதட்டல் கிடைக்கும். கூற்று, நாள், அளவுகோல், நடுவர் ஆகிய நான்கையும் எழுதி இருவரும் ஒப்பமிடும்வரை அது வெறும் பேச்சே. எழுதிக்கொடுக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், முதலில் கூற்றை அளக்கக்கூடியதாக மாற்றுங்கள்.

"இந்த முறை மாரி பொய்க்கும்" என்பதை அப்படியே எழுதினால், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பெய்ததை ஒருவரும் பருத்தித்துறையில் பெய்ததை மற்றவரும் காட்டி, தை மாதத்தில் இருவருமே வென்றதாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆகவே, வளிமண்டலவியல் திணைக்களத்தின் எந்த மழைமானி, எத்தனை மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பொய்த்ததாகக் கொள்வது, ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரையான பதிவில் சில நாட்கள் விடுபட்டால் என்ன செய்வது என்பவற்றையெல்லாம் மழை தொடங்குமுன் முடிவுசெய்ய வேண்டும்.

இவ்வளவு தெளிவாக எழுதினாலும் அளவுகோல் வேறு, சச்சரவு வேறாக நின்றுவிடலாம். மக்கள்தொகை பெருகினால் வளங்கள் அருகும் என்ற உயிரியலாளர் போல் எர்லிக்கும் அதை மறுத்த பொருளியலாளர் ஜூலியன் சைமனும் 1980-இல் செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், தங்குதன் ஆகிய ஐந்து உலோகங்களை 1,000 டொலருக்குக் கணக்கிட்டு, பணவீக்கத்தைக் கழித்த பின் 1990-இல் விலை ஏறியிருந்தால் சைமனும் இறங்கியிருந்தால் எர்லிக்கும் வித்தியாசத்தைச் செலுத்துவதென ஒப்புக்கொண்டனர். விலை இறங்கியது, எர்லிக் 576.07 டொலருக்குக் காசோலை அனுப்பினார். ஆனால் தம் கருத்தை அவர் கைவிடவில்லை. வேறு பல பத்தாண்டுகளில் முடிவு அவர் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதும் உண்மை. எனவே தோற்பவர் எதை ஒப்புக்கொள்வார் என்பதையும் ஒரு வரியில் எழுதிவாங்குங்கள்.

பணத்தை மூன்றாமவரிடம் ஒப்படைத்தால் போதும் என்று எண்ணவேண்டாம். பூமி தட்டை என்ற ஜோன் ஹம்ப்டனுடன் 1870-இல் 500 பவுண் பந்தயம் கட்டிய இயற்கையியலாளர் அல்பிரட் ரசல் வலஸ், நீர்ப்பரப்பின் வளைவைக் காட்டி வென்றார். ஆனாலும் பந்தயம் சட்டப்படி செல்லாது என்று வழக்காடி ஹம்ப்டன் தம் பணத்தைத் திரும்பப் பெற்றதோடு, வலஸைப் பல ஆண்டுகள் வசைபாடி அலைக்கழித்தார். நடுவரின் சொல்லுக்குக் கட்டுப்படாதவரோடு பந்தயமே வேண்டாம். பந்தயப் பணம் சிறுவர் இல்லம் ஒன்றுக்குப் போகும் என எழுதினால், பேராசை பற்றிய பேச்சும் எழாது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கற்பித்த ஆபிரகாம் கோவூர் 1963-இல் அறிவித்தது இன்னொரு வகை. ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புத ஆற்றலைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபா என்றார். 1978-இல் அவர் மறையும்வரை எவரும் அதை வெல்லவில்லை. இத்தகைய பரிசுச் சவாலில் சோதனையின் நிபந்தனைகளையே கவனமாக எழுதவேண்டும்.

மறுப்பவரைத் தோற்றவராகக் கருதாதீர்கள். வணிகருக்கு ஒரு லட்சம் சில்லறை. ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ அது பல மாத ஓய்வூதியம். தொகையை இருவருக்கும் தாங்கும் அளவுக்குக் குறைத்து, ஒப்பமிட்ட தாளின் பிரதியொன்றை முடிவு நாள் வரை வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டிவைக்கச் செய்யுங்கள்.